பன்னிரண்டு மாத வேலைக்குப் பத்து மாதச் சம்பளமா?

மதிப்பிற்குரிய விளையாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்லூரியின் பெண்கள் லாக்ரோஸ் (வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம்) அணியில் கோல்கீப்பராக ஆடும் மாணவி ஒருத்தியின் அம்மா நான். போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து பெற்றோர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உதவிப் பயிற்சியாளர் விலகுகிறார், அவருடைய உழைப்புக்கு நன்றி என்று மூன்றே வரி. அடுத்த இரண்டு நாளில் அந்த இடத்துக்கு ஆள் கேட்டு விளம்பரம் வந்துவிட்டது. அதில் பழைய நிபந்தனைகள் அப்படியே இருக்கின்றன. ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தோடு முடியும் பத்து மாதப் பணி. கீழே பொறுப்புகளில் பார்த்தால், கோடைக்கால டோர்னமென்ட்களுக்குப் போய் ரெக்ரூட்டிங் (அணிக்குப் பள்ளி மாணவிகளைத் தேடிச் சேர்ப்பது) செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அவர் ஏன் போனார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு முறை உங்களிடமே வந்து கேட்டிருக்கிறார். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று இரண்டு முறையும் பதில் சொல்லியிருக்கிறீர்கள். என் கோரிக்கை ஒன்றுதான்: அந்த வேலையைப் பன்னிரண்டு மாதச் சம்பளமுள்ள முழுநேர வேலையாக மாற்றி, விளம்பரத்தைத் திருத்தி வெளியிடுங்கள்.

போன ஜூலையில் மேரிலாந்தில் ஒரு டோர்னமென்ட். என் இளைய மகள் அதில் ஆடினாள். வரிசையாக மைதானங்கள், ஓரத்தில் கிளப்களின் கூடாரங்கள், கோல் கம்பத்துக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பயிற்சியாளர்கள். உச்சி வெயில். உங்கள் கல்லூரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு அந்த உதவிப் பயிற்சியாளரும் இருந்தார். போய் வணக்கம் சொன்னேன். என் மூத்தவளைப் பற்றி நிறையப் பேசினார். இளையவள் பக்கத்திலேயே நின்றாள்; பள்ளிப் பிள்ளைகளோடு ரெக்ரூட்டிங் பேச்சு கூடாது என்ற விதி இருப்பதால் அவளுடைய ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நேர்மையை நான் மறக்கமாட்டேன்.

வண்டியில் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் வைத்திருந்தேன், சாப்பிடக் கூப்பிட்டேன். தட்டு எடுக்க வேண்டாம், என்னிடமே இருக்கிறது என்று தன் காரின் டிக்கியைத் திறந்தார். பந்துப் பை, ஸ்டிக்குகள், நாற்காலி உறை, அதெல்லாம் சரி. அதற்குப் பக்கத்தில் தலையணை, மடித்த போர்வை, துணிகள் அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டி, இன்னொரு பெட்டியில் தட்டு, கரண்டி, ஒரு சின்ன வாணலி. வீடு மாற்றுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை, ஜூன் ஜூலையில் சம்பளம் வராது, அதனால் என் அறையை ஒரு கோடை வகுப்பு மாணவிக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்றார். டோர்னமென்ட் நடக்கும் நாட்களில் கல்லூரி செலவில் ஹோட்டல். அந்தச் செலவும் முதலில் அவருடைய கிரெடிட் கார்டில் போகும், பில் கொடுத்த பிறகு வாரக்கணக்கில் கழித்துத் திரும்ப வரும். நடுவில் இருக்கும் நாட்களில் தோழிகள் வீட்டு சோபா. கேம்ப்களில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வரும் பணத்தில் சாப்பாடும் கார் இன்சூரன்ஸும். இந்த வேலையில் இது சகஜம்தான் என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் சாதம் இறங்கவில்லை.

ஐயா, அன்று அவர் அங்கே உட்கார்ந்திருந்தது யாருக்காக? உங்கள் கல்லூரிக்காக. பள்ளி ஜூனியர் ஆண்டின் (பதினொன்றாம் வகுப்பு) செப்டம்பர் 1-ஆம் தேதிக்கு முன் மாணவிகளோடு ரெக்ரூட்டிங் பேச்சே கூடாது என்று 2017-இல் லாக்ரோஸுக்கு விதி வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வாக்கு வாங்கிக்கொண்டிருந்த வழக்கத்துக்கு அது முடிவு கட்டியது, நல்ல விதி. ஆனால் செப்டம்பர் 1 அன்று யாரை அழைப்பது என்பது ஜூனிலும் ஜூலையிலும் யாராவது வெயிலில் உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும்? அணியின் அடுத்த நான்கு ஆண்டுகள் முடிவாகிற அந்த இரண்டு மாதங்களுக்குத்தான் நீங்கள் சம்பளம் தருவதில்லை.

சீசனில் மட்டும் என்ன வாழ்ந்தது? பிப்ரவரிக் குளிரில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து கோல்கீப்பர்களுக்குப் பந்து அடித்து வார்ம்-அப் கொடுப்பவர் அவர். எதிரணியில் யார் யார் எட்டு மீட்டர் கோட்டிலிருந்து, ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ பொசிஷன் ஷாட் எடுப்பார்கள், அடிக்கும் முன் யாருடைய தோள் எந்தப் பக்கம் இறங்கும் என்று வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி, நள்ளிரவில் என் மகளுக்கு அனுப்புவார். முதல் ஆண்டில் ஒரு கோல் விழுந்தாலே தலை குனிந்துவிடுகிற பெண் அவள். இப்போது பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்கும் அடுத்த டிராவுக்குத் தன் டிஃபென்ஸைக் கத்தி நிறுத்துகிறாள். அதைச் சொல்லிக் கொடுத்தவர் இனி பல் மருத்துவக் கருவிகள் விற்கும் வேலைக்குப் போகிறார். அங்கே ஜூலையிலும் சம்பளம் உண்டு.

பட்ஜெட் இல்லை என்று சொல்வீர்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தின்படி கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், 2025-26-க்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர் என்பதெல்லாம் படித்தேன். உழைக்கும் பிள்ளைகளுக்குப் பணம் போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். அதற்கான சேமிப்பை மிகக் குறைந்த சம்பளக்காரரிடமிருந்து தொடங்க வேண்டுமா? 2023 நவம்பரில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. வேலை செய்யாமல் இருப்பதற்கு அவருக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். கல்லூரி விளையாட்டில் பணம் இல்லை என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

இந்த உதவியாளர்களின் வயிற்றில் அடிப்பது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1992-இல் அமலுக்கு வந்த என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் சங்கம்) விதி ஒன்று, ஒரு வகை உதவிப் பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் தரக்கூடாது என்றது. கூடைப்பந்து உதவியாளர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த விதி வணிகப் போட்டிச் சட்டத்துக்கு விரோதமானது என்று 1998-இல் பத்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு 5.45 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதற்குப் பிறகும் பல விளையாட்டுகளில் ‘தன்னார்வப் பயிற்சியாளர்’ என்று ஒரு நாற்காலி இருந்தது. அதற்குச் சம்பளமே தரக்கூடாது என்பது விதி. லாக்ரோஸிலும் அது இருந்தது. 2023 ஜூலை 1-ஆம் தேதிதான் அது ஒழிந்தது. அப்படி உழைத்தவர்கள் தொடுத்த வழக்கில், பேஸ்பால் தவிர்த்த மற்ற விளையாட்டுகளுக்கு மட்டும் 30 கோடி டாலருக்கு மேல் தர 2025-இல் என்.சி.ஏ.ஏ. ஒப்புக்கொண்டது. இத்தனைக்குப் பிறகு, சம்பளம் தரக்கூடாது என்று இப்போது உங்களைத் தடுப்பவர் யாரும் இல்லை. தராமல் இருப்பது உங்கள் முடிவு.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். கல்லூரிப் பயிற்சியாளர்களை ஆசிரியர் கணக்கில் சேர்ப்பதால் ஓவர்டைமும் கிடையாது, குறைந்தபட்சச் சம்பள வரம்பும் கிடையாது. ஆனால் ரெக்ரூட்டிங்தான் முதன்மை வேலை என்றால் அவரை ஆசிரியராகக் கொள்ள முடியாது என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. உங்கள் சட்ட அலுவலகத்திடம் அந்த விளம்பரத்தை ஒருமுறை காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

1972-இல், கல்வி நிலையங்களில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் ஒன்பது சட்டம் வந்தபோது கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் பெண்களே பயிற்சியாளர்கள். இன்று பாதிகூட இல்லை. பெண்கள் முன்வருவதில்லை என்று கருத்தரங்குகளில் வருத்தப்படுகிறார்கள். முன்வந்த ஒருவர் உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருந்தார். என் மகளும் படிப்பு முடிந்ததும் பயிற்சியாளராக வேண்டும் என்கிறாள். முன்பெல்லாம் கேட்கப் பெருமையாக இருக்கும். அந்த டிக்கியைப் பார்த்த பிறகு, சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை மாறவில்லை. புதியவரை இன்னும் எடுக்கவில்லை, விண்ணப்பத் தேதியும் முடியவில்லை. அதற்குள் அந்த வேலையைப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தோடு முழுநேர வேலையாக அறிவித்து, விளம்பரத்தைத் திருத்துங்கள். பயணச் செலவுக்குக் கல்லூரியின் கார்டையே கொடுங்கள். விலகியவரையும் ஒருமுறை கூப்பிட்டு, இந்தப் புதிய நிபந்தனையில் திரும்ப வருவீர்களா என்று தயவுசெய்து கேளுங்கள். செப்டம்பரில் அடுத்த ஆண்டு நன்கொடைக்கான கடிதம் எங்களுக்கு வரும். அதற்கு முன் உங்கள் பதில் வந்தால் மற்றப் பெற்றோர்களுக்கும் நானே தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அணியின் கோல்கீப்பர் ஒருத்தியின் அம்மா