அப்பாவிடமே கேட்ட செவிலியர்களுக்கு

எங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் ஆண்கள் மருத்துவப் பிரிவில் பணியாற்றும் செவிலியர்களுக்கும், உங்களோடு உழைக்கும் மருத்துவமனைப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

கடந்த மாசி மாதம், பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் நின்றுபோன நிலையில் உங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டு, 23 நாள்கள் 19-ஆம் படுக்கையில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரரின் மூத்த மகன் நான். பெயர் போட்டு எதுவும் எழுத வேண்டாம் என்று வீட்டுக்குப் புறப்பட்ட நாளன்று உங்களுள் ஒருவர் கேட்டுக்கொண்டார். ஆகவே ஊரையும் பெயர்களையும் விட்டுவிட்டு எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

உங்களிடம் வந்து சேர்ந்தபோது நாங்கள் நல்ல மனநிலையில் இல்லை. பக்கவாதம் தாக்கிய முதல் நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வாய்ப்புண்டு என்பது தெரியாமல், கை மரத்துப்போயிருக்கிறது, விடிந்தால் சரியாகிவிடும் என்று ஓர் இரவு முழுவதையும் வீட்டிலேயே கழித்துவிட்ட குற்றவுணர்வு ஒரு பக்கம். அடுத்த இரண்டு நாள்கள் வேறோர் இடத்தில் இருந்தபோது, அப்பா கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அவருடைய தலைக்கு மேலாக எங்களிடம் மட்டும் பேசிவிட்டுப் போனவர்களைக் கண்ட கசப்பு இன்னொரு பக்கம். உண்மையைச் சொன்னால், அதற்குள் நாங்களும் அப்படியே பேசப் பழகிவிட்டிருந்தோம்.

முதல் நாள் இரவு, பணி மாற்றம் முடிந்து படுக்கை படுக்கையாக வந்த செவிலியர், கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம், “ஐயாவை ஊர்ல எப்படிக் கூப்பிடுவாங்க?” என்று கேட்டார். போஸ்ட்மேன் ஐயா என்பார்கள் என்றேன். உடனே அவர் அப்பாவின் இடப்பக்கமாக வந்து, கண்ணுக்கு நேரே முகம் தெரியும்படி குனிந்து, “போஸ்ட்மேன் ஐயா, காலையில வரைக்கும் நான்தான் இருப்பேன். இப்ப உங்களைத் திருப்பிப் படுக்க வைக்கப் போறோம், சரிங்களா?” என்றார். பதில் வராது என்று தெரிந்தும் அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். அப்பா கண்ணை மூடித் திறந்தார். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்ட பிறகுதான் திரை இழுக்கப்பட்டது. வேட்டி விலகாமல் போர்வை போர்த்தப்பட்டது. நாங்கள் இருவரும் சேர்ந்து அவரைத் திருப்பினோம். வலக்கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, செயலிழந்த தோள் எளிதில் நழுவிவிடும் என்று எனக்குச் சொல்லித்தந்ததும் அப்போதுதான். 23 நாள்களில் அவரை எத்தனை முறை திருப்பியிருப்போம் என்று எண்ணவில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நடந்த அந்த வேலையில், கேட்காமல் அவர் உடம்பில் கைவைத்த செவிலியர் ஒருவரையும் நான் காணவில்லை.

மறுநாள் காலை நாங்கள் உறவினர்கள் நான்கு பேர் படுக்கையின் கால்மாட்டில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததை உங்கள் தலைமைச் செவிலியர் கண்டித்தார். “அவருக்குக் கேக்கும். பாதி கேட்டா இன்னும் பயம் ஜாஸ்தி. ஒண்ணு அவர்கிட்டச் சொல்லுங்க, இல்லாட்டி வெளியில போய்ப் பேசுங்க.” அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. நோயாளி இருக்கும் அறையில் அவரைப் பற்றிக் கிசுகிசுப்பது கொடுமை என்று புளோரன்ஸ் நைட்டிங்கேல் ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார் என்பதைப் பின்னால் படித்தபோது, அந்தக் கோபத்துக்காக வெட்கப்பட்டேன்.

இனி அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பேச்சோடு எழுத்தும் போய்விடக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். செவிலியர் ஒருவர், சலைன் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் “தண்ணீர்”, “வலி” என்று பெரிதாக எழுதிக் காட்டினார். முப்பது வருடங்களுக்கு மேல் கோணல்மாணலான முகவரிகளையெல்லாம் படித்துக் கடிதம் சேர்த்த மனிதர், அந்த இரண்டு சொற்களையும் வெறித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் கைவிட்டிருப்போம். அந்தச் செவிலியரோ அட்டையைத் திருப்பிப்போட்டுப் படம் வரைந்தார். ஒரு குவளை, சுளித்த முகம், பக்கவாட்டில் படுத்திருக்கும் மனிதன், மின்விசிறி. கடைசியாக, உயர்த்திய உள்ளங்கை. அது “போதும்” என்பதற்கு. எங்களுக்கு அந்த ஐந்தாவது படம் தோன்றியிருக்காது. நோயாளிக்கு என்னென்ன தேவைப்படும் என்று யோசித்தோமே தவிர, அவர் எதை மறுக்கக்கூடும் என்று யோசிக்கவில்லை.

அப்பா மிகுதியாகத் தொட்டது அந்த உள்ளங்கையைத்தான். மூக்கு வழியாகச் செலுத்திய ரைல்ஸ் டியூபில் கஞ்சி ஊற்றும் நேரத்தில் ஒருநாள் அதைத் தொட்டார். நான் “சாப்பிடாம எப்படிப்பா?” என்று அதட்டினேன். செவிலியர் என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு, வயிறு உப்பியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, குழாய் வழியே உறிஞ்சிப் பார்த்து, முந்தைய வேளை உணவு இன்னும் செரிக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். அப்படியே ஊற்றியிருந்தால் மேலேறி மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்து உண்டாம். அப்பா பிடிவாதம் பிடிப்பதாக நான் நினைத்தது, அவர் சொன்ன தகவலாக இருந்திருக்கிறது. இன்னொரு நாள் அதே படத்தைத் தொட்டபோது காரணம் எதுவும் இல்லை, வெறும் சலிப்புதான். அன்று அந்தச் செவிலியர், “அரை மணி நேரம் கழிச்சு வரட்டுமா ஐயா?” என்று கேட்டுவிட்டு, சொன்னபடியே அரை மணி நேரம் கழித்து வந்தார்.

இதையெல்லாம் போதிய செவிலியர்கள் இருந்த வார்டில், நேரம் வழிந்துகிடக்க நீங்கள் செய்யவில்லை. பல இரவுகளில் 42 படுக்கைகளுக்கு இரண்டே செவிலியர்கள் இருந்தீர்கள். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் தனிக்கணக்கு. உங்களில் சிலர் தொகுப்பூதியத்தில் பல ஆண்டுகளாகப் பணி நிரந்தரத்துக்குக் காத்திருப்பவர்கள் என்பதையும் தேநீர்க்கடைப் பேச்சில் அறிந்துகொண்டேன். கனிவு இருந்தால் போதும், ஆள் குறைவாக இருந்தாலும் சமாளித்துவிடலாம் என்று எவரேனும் இந்த மடலைக் காட்டி வாதிட்டால், அதற்கு நான் உடன்பட மாட்டேன். உங்களில் ஒருவர் அதிகாலை 4 மணிக்கு நின்றபடியே கண்ணயர்ந்து சுவரில் சாய்ந்ததை நான் பார்த்தேன்.

அப்பா வீடு திரும்பி இப்போது ஐந்து மாதங்கள் ஆகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் வட்டாரத்துக்கான செவிலியரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் வீட்டுக்கே வந்து பார்த்துப் போகிறார்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி. முதல் நாள் வந்த அந்தச் செவிலியர், முதுகையும் குதிகால்களையும் சோதித்துவிட்டு, ஓரிடத்திலும் படுக்கைப்புண் இல்லையே, யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டார். தோல் சிவந்திருக்கும் இடத்தை அழுத்தித் தேய்க்காமல் அதன்மேல் பாரம் விழாதபடி படுக்க வைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லித்தந்ததை, என் மனைவி அவருக்கே பாடம் நடத்துவதுபோல் ஒப்பித்தார். குழாயை எடுத்தாயிற்று, குழைந்த சோறு இறங்குகிறது. பேச்சு முழுதாக வரவில்லை. “ஆமா”, “வா” என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. அட்டை மடிந்து நைந்துபோனதால் பின்னால் தகரம் வைத்து ஒட்டிக் கட்டிலருகே மாட்டியிருக்கிறோம்.

இந்த மடலை வெளியிடலாமா என்பதையும் நீங்கள் பழக்கியபடி அப்பாவிடமே கேட்டேன். முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், உங்கள் வார்டில் நடந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றிய பத்தி வந்ததும், இடக்கையை நீட்டி அந்த உள்ளங்கைப் படத்தின்மேல் வைத்தார். உங்கள் பொறுமையைக் காட்ட அதைவிடச் சிறந்த சான்று என்னிடம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கையை எடுக்கவில்லை. அந்தப் பத்தியை நீக்கிவிட்டேன்.

நன்றியுடன்,
போஸ்ட்மேன் ஐயாவின் மூத்த மகன்