பிஸ்டனுக்கும் ஜோடிப் பொருத்தம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் மாடல் விமானங்கள் பற்றிய கட்டுரை படித்தேன். அவற்றின் குட்டி இன்ஜின்களில் இரும்பு பிஸ்டன் நெடுநாள் உழைக்கும், அலுமினியம் சீக்கிரம் தேயும் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். ராணிப்பேட்டையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவன் நான். இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிஸ்டன் எதற்குள் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் நான் இதற்குத் தலைகீழாக, அலுமினியம்தான் நல்லது என்று நினைத்துக் கெட்டேன். என்னிடம் ஒரு 2.5 சிசி குளோ இன்ஜின் (கனன்று நிற்கும் கம்பிச்சுருளால் எரிபொருளைப் பற்றவைப்பது) இருந்தது. 15 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), எஃகு ஸ்லீவ் (பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்), வார்ப்பிரும்பு பிஸ்டன். எடை குறையட்டுமே என்று, பழைய சாமான் கடையில் கிடைத்த சாதாரண அலுமினிய ராடில் பிஸ்டன் கடைந்து, லேப் செய்து (பேஸ்ட் தடவித் தேய்த்து அளவாக்கி) போட்டேன். முதலில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்றாவது நிமிடம் கிரீச்சென்று நின்றது. கழற்றிப் பார்த்தால், பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் பூனை பிறாண்டியது போல கோடு கோடாக. ஸ்லீவில் அலுமினியம் அப்பிக் கிடந்தது. கணக்கு அப்புறம்தான் போட்டேன். 100 டிகிரி சூடு ஏறினால் 15 மி.மீ. அலுமினியம் 0.035 மி.மீ. விரியும், எஃகு அதில் பாதிதான். நான் விட்டிருந்த இடைவெளி அந்த வித்தியாசத்தில் கால்பங்குகூட இல்லை.

இதற்காகத்தான் ஏபிசி (அலுமினியம், பித்தளை, குரோம் மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள்) இன்ஜின்களில் சிலிகான் அதிகம் கலந்த அலுமினிய பிஸ்டனுக்கு, உள்ளே குரோம் பூசிய பித்தளை ஸ்லீவைச் சேர்த்தார்கள். சிலிகான் சேர்ந்தால் அலுமினியம் விரிவது குறையும். பித்தளையும் கூடவே விரிந்து கொடுக்கும். ஸ்லீவ் மேலே போகப் போகக் குறுகும்; சூடேறினால்தான் சரியான அளவுக்கு விரியும். குளிர்ந்த இன்ஜினில் புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் மேல்முனையில் இறுகத்தான் செய்யும். "டைட்டா இருக்கே" என்று பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் கொடுத்த பட்டறையைப் பார்த்திருக்கிறேன். சூடானதும் கம்ப்ரஷனே (உள்ளே அழுத்தமே) இல்லை.

புது இன்ஜினை ஓட்டிப் பழக்கும் விதமும் வேறு. இரும்பு பிஸ்டனை விளக்கெண்ணெய் தாராளமாகச் சேர்த்து, எரிபொருளைக் கூடுதலாகத் திறந்து, குளிர்ச்சியாக ஓட்டிப் பழக்கலாம். ஏபிசியை அப்படியே விட்டால் சூடேறாத ஸ்லீவ் பிஸ்டனை நெரித்துத் தேய்த்துவிடும்.

இன்னொன்று. மாணவர்கள் வறண்ட பாலாற்றில் பறக்கவிடும் படம் போட்டிருந்தீர்கள். இந்த இன்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்குக் காற்று வடிகட்டி கிடையாது. புரொப்பெல்லர் கிளப்பும் மணல்தூள் நேரே கார்புரேட்டருக்குள் போகும். அப்புறம் என்ன உலோகமாக இருந்து என்ன? வாசல் தெளிப்பது போல நாலு குடம் தண்ணீர் தெளித்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும், பாலாற்றில் கிடைக்காது.

ஓய்வுபெற்ற டர்னர்,
காட்பாடி