உன் ஊரில் ஓடிய பொம்மை ரயில்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதில் பாதி அழுகை, பாதி இயற்பியல். "மூணு மாசமா ஃபிரிஞ்சு நிக்கவே மாட்டேங்குதும்மா, விட்டுட்டு வந்துடட்டுமா?" என்றாய். உன் ஹோலோகிராமுக்கு வேண்டிய அந்த ஒளிக்கோடுகளைத்தான் சொல்கிறாய். வருவதானால் வா. உன் அறையில் அப்பா அரிசி மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார், எடுத்துவிடலாம். போனில் நான் எது சொன்னாலும் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஹோலோகிராமுக்கு, அதாவது ஒரு பொருளை முப்பரிமாணமாக மீட்டுக் காட்டும் ஒளிப்பதிவுக்கு, வழி கண்டவர் டென்னிஸ் காபோர். ஹங்கேரிக்காரர். 1947இல் இங்கிலாந்தின் ரக்பி நகரில் ஒரு மின் நிறுவனத்தில் வேலை. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் படம் மங்கலாக வருகிறதே என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவருக்கு, ஈஸ்டர் சமயத்தில் டென்னிஸ் மைதானத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பொறி தட்டியது. போட்டோவில் வெளிச்சம் எவ்வளவு என்பது மட்டும்தான் பதிவாகும். அலை மேடாக வந்து விழுந்ததா பள்ளமாக வந்து விழுந்ததா என்பது தொலைந்துபோகும். அதையும் பிடிக்க, பொருளில் பட்டு வரும் அலையோடு எதிலும் படாத இன்னோர் அலையை மோதவிட வேண்டும். தெப்பக்குளத்தில் இரண்டு கல்லைப் போட்டால் வளையங்கள் ஒன்றையொன்று வெட்டிக் கோலம் போடுமே, அதுபோல ஒளி போடும் கோலத்தின் கோடுகள்தான் உன் ஃபிரிஞ்சு. அதைப் போட்டோ பிளேட்டில் பதித்துவிட்டால் போதும். பிறகு அதே ஒளியை அதன்மேல் அடித்தால் பழைய அலை எழுந்து வரும்.

யோசனை வந்துவிட்டது, அதற்கேற்ற வெளிச்சம் வரவில்லை. அவரிடம் இருந்தது பாதரச விளக்கு. அதன் அலைகள் 0.1 மில்லிமீட்டர் தூரத்துக்குத்தான் ஒத்திசைந்து போகும். அந்த வெளிச்சத்தையும் 3 மைக்ரான் துளை வழியாக வடிகட்டினால் மிஞ்சுவது எவ்வளவு இருக்கும், நீயே சொல். 1 மில்லிமீட்டர் அகலப் படத்துக்குச் சில நிமிடம் எக்ஸ்போஷர். ஒளியை அலை என்று சொன்ன முன்னோடிகள் ஹைகன்ஸ், யங், ஃபிரெனல் மூன்று பேரின் பெயரைப் பொடி எழுத்தில் வைத்துப் பதிவு செய்தார். என்ன மரியாதை பார்! படம் மீண்டு வந்தது, கூடவே அதே நேர்கோட்டில் அதன் இரட்டைப் பிறவியும் வந்து மேலே மங்கலாகப் படிந்தது. 1950களின் நடுவில் ஏறக்குறைய எல்லோருமே அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

1960 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அலி ஜவானும் கூட்டாளிகளும் ஹீலியம்-நியான் லேசரை எரியவைத்தார்கள். காபோருக்குக் கிடைக்காத ஒத்திசைந்த வெளிச்சம் அது. மறுநாளே அந்தக் கற்றையில் தொலைபேசிப் பேச்சை அனுப்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த அவசரம் பிடிக்கும்.

அப்புறம்தான் உன் ஊர். ஆன் ஆர்பருக்குப் பக்கத்தில் வில்லோ ரன்னில் உங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே ரேடார் பதிவுகளோடு மல்லுக்கட்டிய எம்மெட் லீத், ரேடியோக்காரர் மூளையோடு யோசித்தார்: ரேடியோவில் குரலை அதைத் தூக்கிச் செல்லும் சுமப்பலையில் ஏற்றுவதுபோல், பொருளிலிருந்து வரும் ஒளியலையையும் ஏற்றினால் என்ன? அவரும் யூரிஸ் உபாட்னீக்ஸும் பொருளில் படாத அந்த இரண்டாவது கற்றையைச் சாய்வாகக் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான், இரட்டைப் பிறவி விலகிப் போய்விட்டது. லேசரும் கைக்கு வந்ததும் பொம்மை ரயில் ஒன்றைப் பதிவு செய்தார்கள். 1964இல் வாஷிங்டனில் நடந்த ஒளியியல் மாநாட்டில் அதைப் பார்க்க அறிஞர்கள் ஹோட்டல் தாழ்வாரத்தில் வரிசையில் நின்றார்கள். காபோருக்கு நோபல் கிடைத்தது 1971இல்.

சரி, ஃபிரிஞ்சுக்கு வருகிறேன். எம்.எஸ்சி. படிக்கும்போது நாங்களும் ஒரு ஹோலோகிராம் எடுத்தோம். மரப்பெட்டி நிறைய ஆற்று மணல், அடியில் காற்றடைத்த ஸ்கூட்டர் டியூப்கள், மணலில் செருகிய கண்ணாடிகள். பொருள், பாட்டியின் பித்தளைக் குங்குமச் சிமிழ். தலைமுடிப் பருமனில் 400இல் ஒரு பங்கு எதுவும் அசைந்தால் போச்சு. கடைசி பஸ் போகும்வரை காத்திருப்போம். பஸ் போனால் வாட்ச்மேன் செருப்பு. அவர் தூங்கினால் யாராவது தும்முவோம். எட்டு பிளேட் வெறும் புகை. ஒன்பதாவது நாள் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, ஒருவரும் பேசாமல் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். மணலும் இரும்பும் சூடு அடங்க வேண்டும் என்று அதற்குமுன் எங்களுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்குச் சிமிழ் வந்தது. நீ ஏ.சி.யைப் போட்ட உடனே ஆரம்பித்துவிடுகிறாயா? பார்த்துச் சொல்.

அந்தப் பிளேட் வீடு மாறும்போது இரண்டாக உடைந்துவிட்டது. அப்பாதான், ஒத்துக்கொள்ள மாட்டார். உடைந்தாலும் ஒவ்வொரு துண்டிலும் அதனதன் கோணத்திலிருந்து சிமிழ் முழுசாகத் தெரியும், உனக்கே தெரியும். ஒரு துண்டை உன் அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி, அடுத்த மாதம் அங்கே வரும் எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கூடத்து சிவப்பு லேசரைச் சாய்வாக அடித்துப் பார். மூடியின் வலப்பக்கத்தில் ஒரு நெளிவு இருக்கும், நான் சின்ன வயதில் கீழே போட்டது. என்னிடம் இருக்கும் துண்டின் வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கம் மறைந்துவிடுகிறது.

அன்புடன்,
அம்மா