செயலாளரின் ஆண்டறிக்கை: 2025–26

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வாடிக்கையாளர்களுக்காக ஆவணங்களிலும் நூலகங்களிலும் தேடித் தருவதைச் சென்னையில் தனித்தொழிலாகச் செய்யும் தகவல் தேடுநர்களான நம் சங்கத்தின் ஓராண்டு வேலைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

இந்த ஆண்டு அதிக நேரம் எடுத்துக்கொண்ட விஷயம் கூலி. தேடிப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று சொன்னால், அதற்கு எதற்குப் பணம் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் நம் எல்லோருக்கும் உண்டு. புது உறுப்பினர்கள் சங்கடப்பட்டுக்கொண்டு விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். இது கூடவே கூடாது என்பது செயற்குழுவின் உறுதியான கருத்து. ஒரு மனைக்கு வில்லங்கம் பார்க்கிறோம், அதாவது அதன் மீது அடமானமோ வேறு உரிமையோ பதிவாகியிருக்கிறதா என்று தேடுகிறோம். 1975 முதல் உள்ள பதிவுகளைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுக் காத்திருக்க வேண்டும். அத்தனைக்கும் பிறகு ‘வில்லங்கம் இல்லை’ என்று வரும் பதிலை நம்பித்தானே வாங்குகிறவர் பத்திரம் பதிகிறார்? காப்புரிமைத் தேடலிலும் அப்படித்தான். முன்பே யாரும் செய்யவில்லை என்பது கண்டுபிடித்தவருக்கு நல்ல செய்தி.

ஆகவே தேடலுக்கே கூலி, பாதி முன்பணம் என்று தீர்மான வரைவு தயாரித்திருக்கிறோம். அதற்கு ஈடாக நம் பக்கமும் ஒரு கடமை உண்டு. எங்கே தேடினோம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எதைப் பார்க்க முடியவில்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் ‘இல்லை’ என்று சொல்வதை யாரும் நம்பத் தேவையில்லை.

அடுத்தது, செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். ஓர் ஆய்வு மாணவர் செயலி தந்த மேற்கோள் பட்டியலுடன் வந்தார். நம் உறுப்பினர்கள் இருவர் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். பட்டியல் சொன்ன இதழ் உண்மை, அந்த மாத வெளியீடும் உண்மை. பட்டியலில் இருந்த கட்டுரை மட்டும் அதில் இல்லை! பெயர், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருந்ததால்தான் எனக்குக் கவலை. செயலியைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் எண்ணம் இல்லை. ஆனால் தன் கண்ணால் பார்க்காத பக்கத்தை எந்த உறுப்பினரும் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கக் கூடாது.

தகவல் உரிமைச் சட்டம் பற்றி ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினோம். பத்து ரூபாய்க் கட்டணம், பதில் தர 30 நாள் கெடு எல்லாம் பழையபடிதான். ஆனால் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதில் கொண்டுவந்த திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று 8(1)(j) உட்பிரிவில் இருந்த வாசகம் போய்விட்டது. மனு மறுக்கப்பட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. தீங்கைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்கிறது அது. என்ன பொதுநலன் என்பதை மனுவிலேயே விளக்கி எழுதுங்கள். முதல் மேல்முறையீடு செய்யவும் 30 நாள்தான், தவறவிடாதீர்கள்.

அப்புறம், நெறிமுறை. 1987-இல் அமெரிக்காவில் மர்லின் லெவின் தொடங்கிய தனித்தொழில் தகவலாளர் சங்கத்தின் (AIIP) நெறிமுறையைப் படித்துப் பார்த்தோம். வாடிக்கையாளர் ரகசியம் காப்பது, சட்டத்துக்கு உட்பட்ட வேலையை மட்டும் ஏற்பது, நூலக விதிகளுக்குக் கட்டுப்படுவது ஆகியவற்றை நம் வரைவிலும் சேர்த்திருக்கிறோம். கடைசியாகச் சொன்னது நமக்கு மிக முக்கியம். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் ஒருவர் விதி மீறினால், அடுத்து போகும் நம் எல்லோர் மீதும் சந்தேகம் விழும். அங்கே அலமாரி அலமாரியாகத் தேடி எடுத்துத் தரும் ஊழியர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

கூலி, சரிபார்ப்பு, நெறிமுறை ஆகிய மூன்று தீர்மானங்களும் இன்று வாக்கெடுப்புக்கு வருகின்றன. சந்தா பாக்கி உள்ளவர்கள் வாக்கெடுப்புக்கு முன் பொருளாளரிடம் செலுத்திவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்