மரைக்கு ஒரு ஸ்கோப்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அக்கா எழும்பி நடக்கிறார் என்று வாசித்ததும்தான் மனம் ஆறியது. இங்கே சின்னவள் படிக்க மெல்பேர்ன் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வேட்டை லைசென்ஸ் கிடைத்துவிட்டது, .308 துவக்கு வாங்கியாகிவிட்டது, 600 டொலருக்குள் அதில் பூட்ட 6-24×50 ஸ்கோப் (6 முதல் 24 மடங்கு வரை பெருக்கும், முன் கண்ணாடி 50 மில்லிமீற்றர்) ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். மச்சான், அதை வாங்காதே.

விக்டோரியாவின் இந்த மலைகளில் நாம் தேடிப் போவது மரை, இங்குள்ளவர்கள் சாம்பர் என்னும் மான். 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள். வன்னியில் எப்படியோ அப்படியேதான் இங்கும்: பகலில் பற்றைக்குள் படுத்துக் கிடக்கும், விடியற்புறமும் மைம்மலிலும் வெளியே வரும். விக்டோரியாச் சட்டப்படி சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரைதான் மான் வேட்டை. ஆனால் ஓடைப் பள்ளத்துக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் உனக்கு ஸ்கோப் வேண்டும்.

எந்த ஸ்கோப்பும் வெளிச்சத்தை உண்டாக்காது. வருவதைக் கொஞ்சம் இழந்து கண்ணுக்குக் கொடுக்கும், அவ்வளவுதான். கடையில் ஒன்றை வாங்கிக் கையை நீட்டி எட்டப் பிடித்துப் பின் கண்ணாடியைப் பார். நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டுத் தெரியும். பெருக்கத்தைக் கூட்டினால் அது சுருங்கும், குறைத்தால் விரியும். முன் கண்ணாடியின் அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் அந்தப் பொட்டின் அளவு. 50ஐ 24ஆல் வகுத்தால் 2 மில்லிமீற்றர்தான். இளவயதில் இருட்டில் கண்மணி 7 மில்லிமீற்றர் வரை விரியும். நம் வயதில் ஏறக்குறைய 5. அதற்குள் 2 மில்லிமீற்றர் வெளிச்சம் போனால் மரை வெறும் நிழல். 6க்கு இறக்கிப் பார்க்கலாமே என்பாய். பார்க்கலாம். ஆனால் அந்த விலையில் காசு முழுக்கப் பெருக்கத்துக்கே போயிருக்கும், கண்ணாடிக்குப் போயிருக்காது.

முன் கண்ணாடி 40 மில்லிமீற்றர் உள்ளதை 8 மடங்கில் வைத்தால் பொட்டு சரியாக 5. அது நமக்குப் போதும். ஜெர்மன்காரர் நிலவில் பரண் மேல் இருந்து பன்றி சுட 8×56 வைத்திருப்பார்கள். நல்ல சாமான்தான், ஆனால் அது தரும் 7 மில்லிமீற்றரை நம் கண் வாங்காது. பாரமும் கூட. உயரமாகப் பூட்ட வேண்டியிருப்பதால் கன்னம் துவக்குக் கட்டையில் படியாது. 30 மில்லிமீற்றர் குழாய் என்றால் வெளிச்சம் கூட என்று கடையில் சொல்வார்கள். குழாய்த் தடிப்புக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமில்லை.

பூச்சைப் பார். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் 4 வீதம் ஒளி தெறித்துப் போகிறது. பத்துப் பரப்பென்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பெட்டியில் ‘ஃபுல்லி மல்டி-கோட்டட்’ (எல்லாப் பரப்பிலும் பல படைப் பூச்சு) என்று எழுதாததைத் தொடாதே.

இனி நான் அதிகம் சொல்ல நினைப்பது, குறி பார்க்க ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு பற்றி. முதல் வருடம் டார்கோ என்ற மலையூர்ப் பக்கம் வேட்டைக்குப் போனபோது என்னிடம் இருந்தது மலிவான ஸ்கோப், மயிரிழை போலக் கோடு. 80 மீற்றரில் ஒரு கலைமரை பக்கவாட்டாக நின்றது. மரை தெரிகிறது, கோடு தெரியவில்லை. கருமைக்குள் கருமையாகக் கரைந்துவிட்டது. இதுதான் தோள் என்று நினைத்துச் சுட்டேன். மறுநாள் நண்பகல் வரை தேடினேன். பன்ன இலையொன்றில் காய்ந்த இரத்தம், ஈரமண்ணில் ஒரு குளம்படி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்தச் சீவன் எங்கே விழுந்து கிடந்ததோ. இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அப்பு இடியன் துவக்கோடு குளக்கட்டில் காவல் இருக்கும்போது குழல் நுனியில் சுண்ணாம்பு தடவுவார், நினைவிருக்கிறதா? வெற்றிலைத் தட்டத்திலிருந்து விரலால் எடுத்து ஒரு பொட்டு வைப்பார். இருட்டில் அந்த வெள்ளைதான் அவருக்குக் குறி. அவர் அறிந்திருந்ததை நான் ஒரு மரையைக் கொடுத்துப் படித்தேன். ஓரம் தடித்து நடு மெலிந்த கோடு வாங்கு, அல்லது நடுவில் சின்னச் சிவப்புப் புள்ளி எரிகிறதை வாங்கு. புள்ளி மிக மங்கலாகக் குறைய வேண்டும். பளிச்சென்று எரிந்தால் மரையையே மறைத்துவிடும்.

பெயர் கேட்டாய். லியூபோல்ட் வீஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40 பார். அல்லது பழைய ஸ்வரோவ்ஸ்கி, ஷ்மிட் அண்ட் பெண்டர் 6×42 செகண்ட் ஹாண்டில் வந்தால் கீறலும் பூஞ்சணமும் இல்லையா என்று பார்த்து எடு. 6×42 ஒன்றுதான் ஒன்பது வருடமாக என் துவக்கில் இருக்கிறது. கடை விளக்கின் கீழ் எல்லா ஸ்கோப்பும் பிரகாசம்தான். பொழுது சாயும் நேரம் போய், வாசலில் நின்று எதிர்க் கட்டடத்தின் இருண்ட மூலையைப் பார்க்கக் கேள். போகும் வழியில் போனைப் பார்க்காதே. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்குச் சத்தியம் செய்து தா. அசைவது என்னவென்று ஸ்கோப்பால் பார்க்கக் கூடாது. பார்க்கும் இடத்துக்கே குழலும் திரும்புகிறது, அங்கே நிற்பது இன்னொரு வேட்டைக்காரனாக இருக்கலாம். அதற்குப் பினாகுலர். என்னிடம் 8×42 ஒன்று மேலதிகமாக இருக்கிறது, உனக்குத்தான்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை வருகிறேன். 100 மீற்றரில் பலகை நட்டு இருவருமாகக் குறி சரிபார்ப்போம், ஒரு தரம் பகலில், ஒரு தரம் மைம்மலில். மரை வத்தலுக்கு அம்மா உப்போடு வேறென்ன போடுவார் என்று அக்காவிடம் கேட்டு வை.

அன்புடன்,
உன் மச்சான்