காற்றாலை இறகு லொறியில் ஏறுமுன் கேளுங்கள்

மாண்புமிகு வலுசக்தி அமைச்சர் அவர்களுக்கும், மின்சாரத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மன்னார்த் தீவு, பேசாலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தீவில் புதுக் காற்றாலை போடுமுன் எங்களைக் கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். நடுக்குடாப் பக்கம் 2020 மார்கழியில் திறந்த தம்பபவனி காற்று மின் நிலையத்தின் 30 காற்றாலைகளும் எங்களுக்குப் பழகிப்போய்விட்டன. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பினால் மாதக்கணக்கில் ஓயாமல் சுற்றும். அதைப் பார்த்துப் பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, ஐஸ் இல்லாமல் பிடித்த மீனைக் கரையிலேயே புதைத்தோம். எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் கப்பலை எதிர்பார்த்திருப்பதன் விலை எங்களுக்குத் தெரியும். ஆகவே எங்களை அபிவிருத்திக்கு எதிரிகள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எங்கள் தீவு தட்டையானது. மாரித் தண்ணீர் எந்த வழியால் கடலுக்கு இறங்கும் என்பது இங்குள்ள கிழவிகளுக்குத் தெரியும், வரைபடத்தில் இராது. வீதி ஒன்றை உயர்த்திப் போட்டார்கள். யார் போட்டது என்று இங்கே எழுதப்போவதில்லை. அடுத்த மாரியில் எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் பதினொரு நாள் நின்றது. அம்மாவின் கட்டிலுக்கு நாலு காலிலும் கல் வைத்து உயர்த்தினோம். இரண்டு மதகு போதும். கேட்டிருந்தால் இடத்தையும் காட்டியிருப்போம்.

கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு விளக்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். திரையில் ஓடியதெல்லாம் ஆங்கிலம். தமிழில் தெளிவாகச் சொன்னது ஒன்றுதான்: தேநீர் பின்பக்கம் இருக்கிறது.

எங்களைச் சரியாகக் கேளாமல் இப்படி முடிவெடுப்பதால் உங்களுக்காவது இலாபம் உண்டா? மன்னாருக்கும் பூநகரிக்குமான இந்தியாவின் அதானி நிறுவனத்தின் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்தையே பாருங்கள். 2022 ஆனியில் சட்டத்தைத் திருத்தி, போட்டி விலைமனு இல்லாமலே கொடுக்க வழி திறந்தார்கள். 2024 வைகாசியில் அலகு 8.26 அமெரிக்க சதத்துக்கு அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. பிறகு உயர் நீதிமன்றத்தில் வழக்குகள், ஆட்சி மாற்றம், மறுபடி விலைப் பேச்சு. 2025 மாசியில் நிறுவனமே விலகிக்கொண்டது. ஒரு கோபுரம்கூட எழும்பவில்லை.

அதே மாசி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டு நாடே இருண்டது. எல்லாரும் குரங்கைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் விடுமுறைப் பகலில் தேவை குறைவு, கூரைச் சோலர் மின்சாரம் அதிகம், அந்த நேரத்தில் மின் வலையமைப்பு ஒரு அதிர்ச்சியைத் தாங்காது என்பதுதான் பிறகு வந்த விளக்கம். சித்திரைப் புத்தாண்டுக்குக் கூரைச் சோலர்காரரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது. 2030இல் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பது இலக்கு; வருகிற மின்சாரத்தை வாங்கிவைக்கப் போதிய இடமில்லை. காற்று இரவிலும் வீசும் என்பீர்கள், சரிதான். ஆனால் சோளகம் ஞாயிறு பார்த்து ஓய்வெடுப்பதில்லை. மின்கலச் சேமிப்பையும் கடத்தல் வழிகளையும் முதலில் முடிக்காமல், கோபுரத்துக்கு மட்டும் ஏன் இத்தனை அவசரம்?

2025 புரட்டாதி 26 இரவு கோபுரப் பாகங்கள் பொலிஸ் காவலோடு வந்தன. மறித்த எங்கள் ஆட்கள் அடிவாங்கினார்கள். அதற்குப் பிறகுதான், மக்களின் சம்மதம் இல்லாமல் தீவில் இனிப் புதுக் காற்றாலைத் திட்டம் இல்லை என்ற ஜனாதிபதியின் பணிப்பு வந்தது. நல்லது. அந்தச் சம்மதத்தை யாரிடம் வாங்குவீர்கள்? விலைமனு கோருமுன்னா, இறகு லொறியில் ஏறிய பிறகா? வாய்ச்சொல்லாக விடாமல் அதைச் சட்டத்தில் எழுதுங்கள். எழுதுமுன் எங்களோடு பேச வாருங்கள்.

வருவதானால் கார்த்திகையில் வாருங்கள். தண்ணீர் நிற்கிற இடங்களை நடந்தே பார்க்கலாம். அறிக்கையைத் தமிழில் கொண்டுவந்தால் போதும். தேநீர் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
பேசாலைக் கடற்றொழிலாளி ஒருவர்