சுருள் காயும் வரைக்கும்

திண்டிவனம்,
மார்ச் 27

அன்புள்ள கயலுக்கு,

சித்திரை ஒன்றாம் தேதிக்கு லீவு கேட்டிருப்பதாக அம்மாவிடம் சொன்னாயாம். என்றைக்கு பஸ் ஏறுகிறாய் என்று சீக்கிரம் சொல்லு. மாடியில் ஒரு தர்பூசணி உன் தேதிக்காகக் காத்திருக்கிறது.

ஆமாம், இந்த வருஷமும் போட்டேன். மாசி பிறந்தால் ரோட்டோரமெல்லாம் பழம் குவிந்து கிடக்கிற ஊரில், மாடியில் பை வைத்துத் தர்பூசணி வளர்ப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். செம்மண்ணுக்கும் மண்புழு உரத்துக்கும் ஆன செலவை அம்மா கணக்குப் போட ஆரம்பித்தால், தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நான் மாடிக்கு ஏறிவிடுகிறேன்.

போன வருஷம் நீ பெங்களூர் கிளம்பிய அன்று அவசரமாக ஒன்றை அறுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? வெளியே கரும்பச்சை, பார்க்க அத்தனை லட்சணம். உள்ளே வெளிறிப்போய், விதையெல்லாம் வெள்ளை. நீ ஒன்றும் சொல்லாமல் இரண்டு துண்டு தின்றுவிட்டுக் கிளம்பினாய். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மாங்காய் என்றால் வைக்கோலில் வைத்துப் பழுக்கவிடலாம். இது அப்படியில்லை, கொடியை விட்டு அறுத்த பிறகு இனிப்பு ஏறாது.

நம் மாடியில் இருக்கிற சுகர் பேபி ரகம் பிஞ்சிலிருந்தே கருத்த தோல்காரி, நிறத்தை நம்பினால் ஏமாற வேண்டியதுதான். தட்டிப் பார்த்துச் சொல்கிறார்களே, என் காதுக்கு எல்லாக் காயும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. அதனால் இந்த முறை சுருளைப் பார்க்கிறேன். காய்க் காம்பு கொடியோடு சேரும் கணுவில் ஒரு கம்பி சுருண்டு நிற்கும். அது பச்சையாக இருக்கிறவரை கத்திக்கு வேலை இல்லை. அது நன்றாகக் காய வேண்டும். காய் படுத்திருக்கிற அடிப்பக்கத்து வெள்ளைத் திட்டும் மஞ்சளாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பழம்.

பொங்கல் முடிந்த கையோடு விதை ஊன்றினேன். முதலில் வந்ததெல்லாம் ஆண் பூ. பெண் பூவை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம், பூவுக்குக் கீழேயே சுண்டைக்காய் அளவில் ஒரு பிஞ்சு இருக்கும். நம் மாடிக்குத் தேனீ அவ்வளவாக வருவதில்லை, அதனால்தான் முன்னே பிஞ்சு பிஞ்சாகப் பழுத்து உதிர்ந்தது. இப்போது காலையில் காபி குடித்ததும் நானே தேனீ. ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பூ மூடிக்கொள்ளும், மறுநாள் என்ற பேச்சே இல்லை.

மார்ச் 4 அன்று சேர்த்துவைத்த பூ இது. காம்பில் சிவப்பு நூல் கட்டி, தேதியைக் காலண்டரில் குறித்திருக்கிறேன். கொடியில் மூன்று பிடித்தது, ஒன்றைக் கிள்ளிவிட்டேன், பைக்கு இரண்டே அதிகம். இலையைச் சல்லடையாக்குகிற சிவப்பு வண்டுக்கு விடியலில் அடுப்புச் சாம்பல் தூவினேன். பழ ஈ குத்தாமல் இருக்க அம்மாவின் பழைய நூல் புடவையைக் கிழித்துக் காயைச் சுற்றினேன் (அவளிடம் சொல்லிவிடாதே). தரைச் சூட்டுக்குக் கீற்று விரித்திருக்கிறது. தேங்காயை விடக் கொஞ்சம் பெரிசாகிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து தண்ணீரைக் குறைக்க வேண்டும். கடைசியில் நிறைய ஊற்றினால் சப்பென்று போகும், வெடித்தாலும் வெடிக்கும்.

பூ சேர்த்ததிலிருந்து 35, 40 நாள் கணக்கு. ஏப்ரல் 8 முதல் 13க்குள் வர வேண்டும். 13ஆம் தேதி நீ வந்துவிட்டால் சரியாக இருக்கும். இரண்டு மூன்று நாள் தள்ளினாலும் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் சதை மாவாகிவிடும். இந்தத் தடவை நான் அறுக்கப் போவதில்லை. சுருளை நீயே பார்த்து அறுத்துக்கொள்.

அப்புறம், தோலை மாட்டுக்குப் போட வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். அந்த வெள்ளைச் சதையில் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கப் போகிறாளாம்.

அன்புடன்,
அப்பா